யார் கடைத் தேங்காய்?

தோல் பர்ஸ் தைக்கப் பெரிய இடம் வேண்டாம். மும்பை தாராவியில் ஏணி வைத்து ஏறும் ஒரு மாடி அறை போதும். ஒருவர் தோலை அளவுக்கு வெட்டுகிறார், இன்னொருவர் அதன் ஓரத்தைச் சீவி மெலிதாக்குகிறார், அடுத்தவர் சொல்யூஷன் தடவி மடித்து ஒட்டுகிறார், கடைசியில் மெஷின்காரர் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டி, நூல் பிசிறைக் கத்தரித்துத் தள்ளுகிறார். கூலி பீஸ் கணக்கு. இந்தப் பர்ஸில் ஒரு பங்கு ஏற்றுமதிக்குப் போகிறது. அமெரிக்காவில் இறங்கும்போது தோல் பைக்கும் பர்ஸுக்கும் வழக்கமான வரி 8 முதல் 10 சதவீதம். வளரும் நாடுகளுக்கான முன்னுரிமைத் திட்டத்தில் 2017 ஜூலை முதல் தேதி இவற்றையும் சேர்த்தபோது அந்த வரி இல்லாமல் போனது. இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. 2019 ஜூன் 5 அன்று இந்தியாவையே அந்தத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். பர்ஸில் குறை ஏதும் இல்லை. இதய ஸ்டென்ட்டுக்கு இந்தியா உச்சவிலை வைத்தது என்பதும், மாமிசக் கலப்புத் தீவனம் தின்ற மாட்டின் பாலில் செய்த பொருள்களை அனுமதிக்க மறுத்தது என்பதும்தான் புகார். இரண்டும் நியாயமாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது டெல்லி பதறவில்லை. சுமார் 560 கோடி டாலர் ஏற்றுமதியில் இந்தச் சலுகையால் மிச்சமாவது 19 கோடி டாலர்தான், பாதிப்பு சொற்பம் என்றது அரசு. சராசரியாகப் பார்த்தால் சரி. ஆனால் சராசரி யாருடைய கூலியும் அல்ல. மருந்து, இயந்திர உதிரிபாகம் செய்யும் பெரிய நிறுவனம் மூன்று, நான்கு சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். பர்ஸ் வியாபாரத்தில் இறக்குமதி செய்பவர் புது வரியைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வார்; ஏற்றுமதியாளர் அதைப் பட்டறை நடத்தும் கார்கானாக்காரர் தலையில் கட்டுவார்; கார்கானாக்காரரிடம் குறைக்க இருப்பது பீஸ் ரேட் ஒன்றுதான். இந்தச் சலுகையால் லாபம் பார்ப்பவர்கள் இறக்குமதியாளர்களும் வணிகர்களும்தானே, தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி உண்மை. சலுகை வரும்போது கூலி மெதுவாக ஏறுகிறது, சில சமயம் ஏறுவதே இல்லை. ஆர்டர் கூடினால் வேலை நாள் கூடும் என்பதுதான் அவர் காணும் லாபம். போகும்போது மட்டும் ஆர்டரும் ரேட்டும் சேர்ந்தே போகின்றன. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பெரும்பாலானவற்றின் மேல் வரி 50 சதவீதத்துக்கு ஏறியபோது, பழைய 8 சதவீதத்தை நினைத்து ஏங்கும் நிலை வந்தது.

இந்த முன்னுரிமை யாரோ போட்ட பிச்சை இல்லை. 1968இல் புதுடெல்லியில் கூடிய ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டில்தான் ஏழை நாடுகள் வாதாடி இதற்கு ஒப்புதல் வாங்கின. பதிலுக்கு எதுவும் கேட்கக்கூடாது, நாடுகளுக்குள் பாரபட்சம் காட்டக்கூடாது என்பவை அதன் உயிர்நாடியான இரு நிபந்தனைகள். சமமில்லாதவர்களுக்கிடையே சமவிதி வைத்தால் அது வலியவன் விதியாகிவிடும் என்பதே அதற்குப் பின்னிருந்த நியாயம். பதிலுக்குப் பால் சந்தையைத் திறந்துவிடு என்று கேட்ட கணமே அந்த நியாயம் உடைந்தது.

இதே அளவுகோலை நம் பக்கமும் வைத்துப் பார்க்கவேண்டும். இந்தியா இப்போது வாங்கும் கை மட்டுமல்ல, கொடுக்கும் கையும்தான். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2008இல் தீர்வைச் சலுகையை அறிவித்தது. 2011இல் மன்மோகன் சிங் டாக்கா சென்றதை ஒட்டி வங்கதேச ஆடைகளுக்குத் தீர்வையை நீக்கியது. அது சரியான செயல். ஆனால் 2025 மே மாதம், இரு அரசுகளுக்கும் கசப்பு முற்றி, அவர்கள் நம் நூலைத் தரைவழியே எடுக்கத் தடை போட்டபின், வங்கதேச ஆடைகள் நாவா ஷேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியே மட்டும் வரலாம் என்று நாம் உத்தரவிட்டோம். தீர்வை பூஜ்யம்தான், வாசல்தான் குறுகியது. ஸ்டென்ட்டுக்காகத் தாராவிக்காரரைத் தண்டித்தது தவறென்றால், ராஜதந்திரக் கோபத்துக்காக டாக்காவின் தையல்காரப் பெண்ணைத் தண்டிப்பதும் தவறுதான்.

நம் ஏழை இருக்க ஊரான் ஏழைக்கு ஏன் என்பதுதான் கனமான ஆட்சேபம். திருப்பூரிலிருந்தும் இந்தக் குரல் வருகிறது, அலட்சியம் செய்யக்கூடாது. மும்பை லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த வளாகம் இன்று மால். அங்கே தொங்கும் சட்டைகளின் கழுத்துப்பட்டையைத் திருப்பினால் சிலவற்றில் ‘மேட் இன் பங்களாதேஷ்’ என்றிருக்கும். வாங்குபவருக்கு விலை மிச்சம், அரசுக்கு நல்ல பெயர், அண்டை நாட்டுக்கு வேலை. வேலை இழந்த உள்ளூர்த் தையல்காரர் மட்டும் மொத்தச் செலவையும் தாங்குகிறார் என்றால், அது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. இதற்குப் பரிகாரம் பிள்ளையாரை மறப்பதா, கடைக்காரருக்குக் காசு கொடுப்பதா? சட்டை மலிவால் பயன்பட்டவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, இழந்தவருக்கு அவர்கள் வரிப்பணத்திலிருந்து கொடுப்பது கடன் அடைப்பதுதான். தர்மம் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கா 1962லேயே இந்தக் கடனை ஒப்புக்கொண்டு தனித் திட்டம் போட்டது. ஆனால் வேலை போனது இறக்குமதியால்தான் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டும் என்றது. இயந்திரத்தால் வேலை இழந்தவர் செய்த பாவம் என்ன என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கவில்லை. மும்பை மில்களின் கதை இந்தப் பாகுபாடே வீண் என்று காட்டும். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு மில்கள் ஓய்ந்ததற்கு அந்த வேலைநிறுத்தம் காரணமா, பிவண்டி விசைத்தறியா, பழைய இயந்திரமா, நிலத்தின் விலையா? பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. வேலை போனது ஒன்றுதான் நிச்சயம். 1986இல் வந்த ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதி, முதல் வருடம் கூலியில் 75 சதவீதம், அடுத்து 50, மூன்றாம் வருடம் 25 என்று கொடுத்தது. நல்ல யோசனை. ஆனால் மில் முறைப்படி நிரந்தரமாக மூடப்பட்டிருக்க வேண்டும், தொழிலாளி ஐந்து வருடம் அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். மூடாமலே முடங்கிக் கிடந்த மில்லின் தொழிலாளிக்கு இந்த நிதி எட்டவில்லை.

மஸ்டர் ரோல் இருந்த மில்லுக்கே கதி இது. இன்று வேலை இழந்தவருக்குச் சராசரிக் கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் அடல் திட்டமும் இஎஸ்ஐ அட்டை இருப்பவருக்குத்தான். தாராவி மாடி அறையில் அந்த அட்டையைத் தேடினால் கிடைக்காது. 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் அமைப்புசாராத் தொழிலாளர்கள் கோடிக்கணக்கில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் பெயர் உண்டு, தொழில் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. போன வாரம் எத்தனை நாள் வேலை இருந்தது என்பது மட்டும் இல்லை. அந்தக் கணக்கு இருப்பது மெஷின் பக்கத்தில் ஆணியில் தொங்கும் சின்ன நோட்டில்: தேதி, எத்தனை டஜன், ரேட், வாங்கிய அட்வான்ஸ். இழப்பீட்டுக்கு அந்த நோட்டைச் சான்றாக ஏற்றால் போலிக் கணக்கு பெருகும் என்பார்கள். பெருகும்தான். ஏற்றுமதி ஊக்கத்தொகை போலி பில்லுக்கும் போனது பிடிபட்டபோது, அந்தத் திட்டங்களை யாரும் இழுத்து மூடிவிடவில்லை.