குருவை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?



எங்க ஊர் திருக்காட்டுப்பள்ளி. இங்கேர்ந்து திருவையாறு வழியா கிழக்கே போனா சுவாமிமலை. அப்பாவுக்கே பிள்ளை பிரணவப் பொருள் சொன்ன தலம். 60 படி ஏறி சுவாமிநாதனைத் தரிசிச்சுட்டு வர்ற நம்ம பசங்க பலபேர் கேட்கிற கேள்வி இதுதான்: "அண்ணே, எனக்கும் ஒரு குரு வேணும். யாரை நம்புறது?"

இது சும்மா தத்துவக் கேள்வி இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, வீட்டுல குறுவை அறுத்து வந்த காசுல பாதியை ஒருத்தர்கிட்ட "அடுத்த நிலை தீட்சை"க்குக் கட்டினான். இப்போ அம்மா போன் பண்ணினா எடுக்கறதில்லை. பாசம் சாதனைக்குத் தடைன்னு அவர் சொல்லிட்டாராம். ஏன்டா இப்படின்னு கேட்டா, "உண்மையான ஞானியை ஊர் எப்பவும் பைத்தியம்னுதான் சொல்லும். நல்லூர் செல்லப்பா சுவாமியைச் சொல்லலையா?"ங்கிறான்.

சரி, செல்லப்பா சுவாமியையே எடுத்துக்குவோம். யாழ்ப்பாணத்துல நல்லூர் கந்தசுவாமி கோயில் தேரடிதான் அவர் இடம். கந்தல் துணி. தனக்குத்தானே பேசிப்பார், கிட்ட வர்றவங்களைத் திட்டுவார். பலர் அவரைப் பைத்தியம்னுதான் நினைச்சாங்க. 1872ல மாவிட்டபுரத்துல பிறந்த யோகசுவாமி அந்தக் காலத்துல கிளிநொச்சி இரணைமடு குளத்து நீர்ப்பாசன வேலையில ஸ்டோர்கீப்பர். தேரடிப் பக்கம் போன அவரைப் பார்த்து "யாரடா நீ?"ன்னு ஒரு அதட்டல். அதுல ஆடிப்போனவர், வேலையை விட்டுட்டு செல்லப்பா பின்னாடியே போயிட்டார்.

இதுவரைக்கும் தம்பி சொல்றது சரிதான். மிச்சக் கதையைத்தான் அவன் விட்டுட்டான்.

செல்லப்பா ஆள் சேர்க்கலை, வந்தவங்களை விரட்டினார். மடம் கட்டலை, தீட்சைக்கு விலை வைக்கலை. வருஷக்கணக்கா கூடவே கிடந்த யோகசுவாமியையும் கடைசியில "போ"ன்னு அனுப்பிட்டார். ஒரே தறியில ரெண்டு யானையைக் கட்ட முடியாதுன்னு சொன்னதா அந்தப் பக்கம் சொல்வாங்க. 1915ல செல்லப்பா மறைஞ்சார். யோகசுவாமி கொழும்புத்துறையில ஒரு சின்னக் குடிசையில இருந்துக்கிட்டு, 1964ல மறையற வரைக்கும், தேடி வந்தவங்களுக்கு வழி சொன்னார்.

திட்டறதையும் கந்தல் கட்டுறதையும் யார் வேணும்னாலும் காப்பி அடிக்கலாம். "நீ போ"ன்னு சிஷ்யனை அனுப்புறதைக் காப்பி அடிக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கலை 😊

ஐடியில ஒரு சாப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடி நாங்க ஒண்ணு கேட்போம். நாளைக்கு இது வேணாம்னா, நம்ம டேட்டாவை எடுத்துக்கிட்டு வெளியே வர முடியுமா? முடியாதுன்னா எவ்வளவு நல்ல டெமோ காட்டினாலும் யோசிப்போம். குரு விஷயத்துலயும் எனக்கு முதல்ல தோணுறது இதுதான். அவர்கிட்ட பத்து வருஷம் இருந்தவங்களைப் போய்ப் பாருங்க. கேள்வி கேட்க பயப்படுறாங்களா? விலகிப் போனவங்களைப் பத்தி எப்படிப் பேசுறாங்க? மேடைப் பேச்சுல தெரியாதது அங்கே தெரிஞ்சுடும். ஒரு நாள்ல முடிவு பண்ணவேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. அவசரப்படுத்துறது அவரா இருந்தா, அதையும் கவனிச்சுக்குங்க.

"சரணாகதின்னா சோதிச்சுப் பார்க்கலாமா?"ன்னு சிலர் கேட்பாங்க. சுவாமிமலைக் கதையையே பாருங்க. சிவபெருமான் கைகட்டி, வாய்பொத்தி சிஷ்யனா நின்னு கேட்டார். அதைவிடப் பெரிய பணிவு உண்டா? ஆனா உபதேசம் முடிஞ்ச பிறகும் அப்பா அப்பாதான், பிள்ளை பிள்ளைதான். வீட்டை விட்டு வா, அம்மாகிட்ட பேசாதேன்னு குருநாதன் அங்கே கேட்கலை. (கோவிச்சுக்கிட்டு பழனிக்குப் போனது வேற கதை!)

குருவே கிடைக்கலையேன்னு தவிக்கிறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு: கந்தரநுபூதி. 51 பாட்டு. கடைசிப் பாட்டுல அருணகிரிநாதர் முருகனையே குருவா வரச் சொல்லித்தான் வேண்டுறார். பொறுமையா படிச்சாலும் அரைமணி நேரம்தான் ஆகும். கட்டணம் கிடையாது, ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணவும் நேரம் மிச்சம் இருக்கும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!