யாருக்கு வாங்கினேன்?

சென்ற வருஷம் மாசி மாதத்தில் என் அக்காவுக்கு ஒரு பாட்டுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சாதனம். அதற்குள் ஆயிரக்கணக்கான பாட்டுகளை அடைத்து வைத்துக்கொண்டு, காதில் செருகிக் கேட்கலாம். அன்று வீட்டில் எல்லோரும் என்னை மெச்சினார்கள். "தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!" என்று பக்கத்து வீட்டு அம்மாள்கூடச் சொன்னாள். அந்தப் புகழ்ச்சியை நான் கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். கூசியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்காவுக்கு வயது 76. அத்தான் காலமான பிறகு எங்களோடு வந்து இருக்கிறாள். அவளுடன் வந்த சொத்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு டிரான்சிஸ்டரும்தான். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்த டிரான்சிஸ்டர் வாயைத் திறக்கும். எங்கள் வீடோ இரண்டே படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு. பேத்தி பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இரவு ஒரு மணி வரையில் படித்துவிட்டு அப்போதுதான் அயர்ந்திருப்பாள். தலையணையை எடுத்துக் காதின்மேல் கவிழ்த்துக்கொள்வாள். மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் நாளுக்கு நாள் உரத்துக்கொண்டே வந்தது. குடும்பஸ்தர்களுக்கு அந்தப் பாஷையை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் எனக்கு அக்காவின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. "பாவம், அந்தக் கரகரப்பில் கேட்கிறாளே, நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுப்போம்" என்று கிளம்பினேன்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைப் பையன் என்னைப் பிடித்துக்கொண்டான். கைப்பேசியிலேயே கேட்கலாமே என்றான். அக்காவுக்குக் கைப்பேசி ஆகாது. பாட்டின் நடுவே யாராவது கூப்பிட்டால் பதறிப் போய்விடுவாள். ஐபாட் என்ற பெட்டியை நான் கேள்விப்பட்டிருந்தேன். 2001-இல் வந்த அது 2022-இல் நின்றுபோயிற்று என்றான். பிறகு, "எம்பி3 போதுமா, ஃபிளாக் வேண்டுமா சார்?" என்று ஆரம்பித்தான்.

இந்த விஷயம் எனக்கு ருசித்தது. இசைத் தகட்டில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிக்கிறார்கள். ஃபிளாக் என்பது அந்த எண்களில் ஒன்றையும் விடாமல் மடித்து வைக்கிற முறை. ஆகவே இடம் அதிகம் பிடிக்கும். எம்பி3 அப்படி இல்லை. ஓர் ஓசை பலமாக ஒலிக்கும்போது அதன் அருகில் உள்ள மெல்லிய ஓசை நம் காதுக்கு எட்டுவதில்லை. எட்டாததை ஏன் சுமக்க வேண்டும் என்று அதைத் தள்ளிவிடுகிறது. இப்படித் தள்ளித் தள்ளிப் பதினொன்றில் ஒரு பங்குக்குக்கூடச் சுருக்கிவிட முடிகிறது. 'மனிதனுக்கு எது இல்லாவிட்டாலும் தெரியாது' என்று கணக்குப் பார்த்துச் செய்த ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம்தான். சாதாரண எம்பி3 போதும் என்று தீர்மானித்தேன். 76 வயதுக் காதுக்கு அதற்குமேல் எதற்கு?

கடைசியாக அவன், "ஸ்பீக்கரோடு இருப்பதைத் தரட்டுமா, காதில் செருகுவது மட்டும் போதுமா?" என்று கேட்டான். அதுவரையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து நிமிஷம் யோசித்த நான், இதற்கு மாத்திரம் வாக்கியம் முடிவதற்குள் சொன்னேன்: "ஸ்பீக்கர் வேண்டாம்."

அந்த அவசரத்தைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

சோனி கம்பெனி 1979-இல் ஜப்பானில் முதல் வாக்மன் கருவியை வெளியிட்டபோது அதில் செருகுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியே கேட்டுக்கொண்டிருப்பது மரியாதைக் குறைவு என்று பட்டதால், பக்கத்தில் இருப்பவரும் கேட்கட்டும் என்று இரண்டாவது துளை வைக்கச் சொன்னதாக அதன் தலைவர் அகியோ மொரிட்டா தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு அடங்கி, எதிரில் இருப்பவரின் பேச்சு காதில் விழும். ஆனால் வாங்கிய ஜனங்கள் அது தங்களுக்கே உரிய சொந்தச் சாமான் என்று எண்ணத் தலைப்பட்டார்கள். பின்னால் வந்த கருவிகளில் அந்தப் பொத்தான் போய்விட்டது. 2001-இல் வந்த ஐபாடில் ஒரே துளைதான்.

என் சிறு பிராயத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் ரேடியோ இருந்தது. அதாவது, தெருவுக்கே ரேடியோ இருந்தது. அக்கா அந்தக் காலத்து மனுஷி. அதற்காக அந்தக் காலம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒலிபெருக்கி கட்டி ஊரையே எழுப்புகிறவர்களிடமும், ரயிலில் கைப்பேசியை அலற விடுகிறவர்களிடமும் எனக்கு எள்ளளவும் அனுதாபம் கிடையாது. என் சங்கீதம் அடுத்தவன் தூக்கத்துக்குச் சத்துரு ஆகக்கூடாது. காதில் செருகிக்கொண்டு கேட்பது நாகரிகந்தான். பேத்தியின் தூக்கமும் நியாயமானது. அதை யார் மறுப்பது?

ஒரு மாதம் சென்றது. வீடு அமைதியாக இருந்தது. பாத்திரச் சத்தமும் அடங்கிவிட்டது. ஒருநாள் டிரங்குப் பெட்டியில் போர்வை எடுக்கப் போனவன், கருவி அதன் அட்டைப் பெட்டிக்குள்ளேயே, நான் கொடுத்த பையோடு இருப்பதைப் பார்த்தேன். டிரான்சிஸ்டரும் அதன் பக்கத்தில் படுத்திருந்தது.

"என்ன அக்கா, நன்றாக இல்லையா?" என்றேன்.

"நல்லாத்தான்டா இருக்கு. பாட்டு மண்டைக்குள்ளேயே பாடுது. ஆனா குக்கர் சத்தம் கேக்கலே, பால்காரன் மணி கேக்கலே, நீ இருமினாக்கூடக் கேக்கலே. வீட்டிலே நான் ஒருத்தி மட்டும் இருக்கிற மாதிரி இருக்கு."

"அப்படியானால் ரேடியோவையாவது வைக்கலாமே?"

அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள். "இத வாங்கிக் குடுத்ததுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதாடா? சத்தமா இருக்கு, கொறைச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறைச்சிருப்பேனே. அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பணம்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாத ஒரு வார்த்தைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, பல ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறேன்! ரயிலில் முன்பின் தெரியாதவனிடம் 'குறையுங்கள்' என்று சொல்லத் தயங்கினால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் சண்டைக்கு வரலாம். உடன் பிறந்தவளிடம் என்ன தயக்கம்? அவள் மனம் நோகும் என்று அஞ்சினேனா? நல்லவன் என்ற என் பெயர் நோகும் என்று அஞ்சினேனா? இரண்டாவதுதான் என்று இப்போது படுகிறது. 'எது இல்லாவிட்டாலும் தெரியாது' என்று நானும் அவளுக்காக ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றாமல் போயிற்று. அவள் ஏன் அவ்வளவு உரக்க வைத்தாள்? சித்திரையில் காது வைத்தியரிடம் அழைத்துப் போனேன். வயதானால் காதில் உச்ச ஒலிகள்தான் முதலில் மறையுமாம். உயிரெழுத்துகள் கேட்கும், மெய்யெழுத்துகள் மங்கிவிடும். மெட்டு புரியும், வார்த்தை புரியாது. அக்கா பாட்டின் வார்த்தைகளைப் பிடிக்கத்தான் திருகைத் திருகிக்கொண்டே போயிருக்கிறாள். அந்தக் காதுக்குத்தான் நான் எம்பி3-ஆ ஃபிளாக்கா என்று அரை மணி நேரம் ஆராய்ச்சி செய்தேன்.

காது செருகியைப் பேத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள். அக்காவின் கருவியில் ஒரு சிறிய ஸ்பீக்கரை மாட்டியிருக்கிறோம். பாட்டு ஆறரை மணிக்கு ஆரம்பமாகிறது. பாட்டை வைத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பி, "சத்தம் அதிகமாடா?" என்று கேட்பாள். சில நாள் அதிகமாகத்தான் இருக்கும். "கொஞ்சம் அதிகம், அக்கா" என்பேன். குறைத்துவிட்டு, வார்த்தை கேட்பதற்காக நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.