மஞ்சள் நாடாவுக்கு இப்பால்

2021 ஆகஸ்ட் 18, புதன்கிழமை. மலேசியப் பிரதமர் முகிதீன் யாசின் பதவி விலகி இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுத்து யாரை ஆதரிக்கிறோம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் மாமன்னருக்குத் தெரிவிக்க அன்று மாலை நான்கு மணி கெடு. தலைநகரின் கேமராக்கள் மாமன்னரின் அரண்மனையான இஸ்தானா நெகாராவின் வாசலைப் பார்த்து நின்றன. அதே மாலையில் கெடாவின் குனோங் ஜெராய் மலையில் கொட்டிய மழை, பாறைகளையும் வேரோடு பெயர்த்த மரங்களையும் உருட்டிக்கொண்டு யான் பக்கமும் மெர்போக் பக்கமும் இறங்கியது. மலாய்க்காரர்கள் கெபாலா ஆயர் என்று அஞ்சும் திடீர் நீர்ப்பெருக்கு அது. தித்தி ஹாயூன் அருவியும் கம்பங்கள் எனப்படும் அடிவாரச் சிற்றூர்களும் சேற்றில் புதைந்தன. ஆறு பேர் மாண்டார்கள்.

அரசு இல்லாத நேரத்தில் வந்த பேரிடர் என்று அதைச் சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் பேரிடரை நடத்துவது அரசியல்வாதி அல்ல, ஒரு தாள். அன்று அது தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் உத்தரவு எண் 20. 1993இல் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்புச் சரிந்து 48 பேர் இறந்தபோது எந்தத் துறை எதைச் செய்வது என்பதிலேயே குழப்பம். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1997இல் வந்தது இந்த உத்தரவு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. நிர்வாக ஆணை மட்டுமே. பேரிடர் நடந்த இடத்தை அது சிவப்பு, மஞ்சள், பச்சை என வட்டங்களாகப் பிரித்தது. சிவப்பு மீட்பவர்களுக்கு. செய்தியாளர்களுக்குப் பச்சை. உறவைத் தேடி வந்த குடும்பங்களும், உணவு சமைக்கும் தொண்டர்களும் இருக்கிற அதே வட்டம். விளக்கம் கேட்க வசதியான இடம்தான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் தெரிவது பெரும்பாலும் விளக்கம் சொல்பவரின் முகம்.

வட்டம் போட்டவர்களைக் குறை சொல்வதற்கு முன் ஜப்பானின் உன்சென் எரிமலையை நினைத்துக்கொள்வது நல்லது. 1991 ஜூன் 3 அன்று அங்கே எரிகுழம்பு முகடு இடிந்து, கொதிக்கும் சாம்பல் மேகம் உருண்டு வந்ததில் 43 பேர் கருகினார்கள். அவர்களில் 16 பேர் செய்தித் துறையினர். வெளியேறும்படி சொல்லப்பட்ட பகுதியில் நல்ல படத்துக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களை ஏற்றி வந்த டாக்சி ஓட்டுநர்களும் இறந்தார்கள். ஆளில்லாத வீடுகளுக்குள் செய்தியாளர்கள் புகுந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்ற புகாருக்குப் பிறகு அந்தப் பக்கம் காவல் இருந்த உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர்கள் 12 பேரும் இறந்தார்கள். தகவல் அறியும் உரிமைக்கு இன்னொருவர் உயிரை விலையாகக் கொடுக்கச் சொல்ல எந்த நிலையத்துக்கும் அதிகாரம் இல்லை. நாடா கட்டும் போலீஸ்காரரிடம் நியாயம் இருக்கிறது.

ஆனால் நியாயத்துக்கு எல்லை எழுதி வைப்பதுதான் சட்டத்தின் வேலை. கலிபோர்னியாவின் குற்றவியல் சட்டத்தில் 409.5 என்றொரு பிரிவு உண்டு. வெள்ளம், தீ, நிலநடுக்கம் வந்தால் போலீஸ் ஒரு பகுதியை மூடலாம். அந்தத் தடை பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சியின் முறையான பிரதிநிதிகளைத் தடுக்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மீட்புப் பணிக்கு இடைஞ்சல் என்றால் நிறுத்தலாம், செய்தியாளருக்கு ஆபத்து என்பதற்காக மட்டும் நிறுத்தக் கூடாது என்று 1986இல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வேறு மாதிரி. பாதித்த பகுதிக்குள் யாரும் நுழைவதைக் கட்டுப்படுத்த 34ஆம் பிரிவு மாவட்ட அதிகாரத்துக்கு இடம் தருகிறது. எச்சரிக்கைகளை வெளியிட ஊடகங்களைப் பணிக்க 67ஆம் பிரிவு வழிசெய்கிறது. நாங்கள் சொல்வதைச் சொல், நீயாகப் பார்க்க வராதே என்று சட்டம் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தால் காதில் விழுகிறது.

உள்ளே போகும் உரிமை என்றதும் நாம் கேமராவை மட்டுமே நினைக்கிறோம். நான் அதிகம் கவலைப்படுவது கேமராவே தூக்காத ஒருவரைப் பற்றி. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராயின் உச்சியில்தான் வட மாநிலங்களுக்கான ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. பீடோங், குருண், சுங்கைப்பட்டாணித் தோட்டங்களில் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் கேட்கிறது என்றால் அந்த மலையின் தயவு. வங்கக் கடலைக் கடந்து கடாரம் வந்த கப்பல்களுக்கு அடையாளம் காட்டிய மலைக்கு இந்த வேலை பொருத்தமானதுதான். 2021இல் உடைந்ததும் அதே மலை. உச்சிக்குப் போகும் சாலை நிலச்சரிவுகளால் சிதைந்து மூடப்பட்டது. மின்சாரம் போனால் கோபுரம் ஜெனரேட்டரில் ஓடும்; ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும்; டீசலோடு ஒருவர் தடுப்பைத் தாண்டி மேலே போக வேண்டும். எந்தக் காகிதத்தைக் காட்டிப் போவார்?

2012இன் சேன்டி புயலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் இதைத்தான் கேட்டார்கள். வானொலி, தொலைக்காட்சி நிலையங்களையும் இன்றியமையாச் சேவையாகச் சேர்த்து, அவற்றின் ஆட்கள் பேரிடர்ப் பகுதிக்குள் போய்க் கருவிகளைச் சீர்செய்ய வழிவிடும் திருத்தம் 2018இல் அங்கே சட்டமானது. நமக்கும் இது எட்டாத ஞானம் அல்ல. கோவிட் தொற்றின்போது, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் முக்கியச் சேவைகளின் பட்டியலில் ஊடகத்தைச் சேர்க்க ஒரு வரிதான் தேவைப்பட்டது. மாநில எல்லைகளெல்லாம் மூடியிருந்தபோதும் கடிதத்தோடு செய்தியாளர்கள் போனார்கள். கிருமிக்கு எழுத முடிந்த வரியை வெள்ளத்துக்கு எழுத ஏன் முடியவில்லை என்பதற்கு எனக்கு எந்த விளக்கமும் கிடைத்ததில்லை.

இதற்கிடையே சிவப்பு வட்டத்துக்குள் யாருடைய அனுமதியும் தேவைப்படாத கேமராக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கம்பத்துக்காரரின் கைப்பேசிதான் மரமும் சேறும் வீட்டுக்குள் புகுவதைப் படமெடுக்கிறது. வாட்ஸ்அப்பில் அது தோட்டம் தோட்டமாகப் போகிறது. உண்மைப் படத்தோடு வேறு நாட்டுப் பழைய வெள்ளமும், அணை உடைந்துவிட்டது என்ற குரல் பதிவும் கலந்தால், பிரித்துச் சொல்ல வேண்டிய செய்தியாளர் பச்சை வட்டத்தில் அடுத்த விளக்கக் கூட்டத்துக்குக் காத்திருக்கிறார். பிறகு பொய்ச் செய்தியைப் பரப்பாதீர்கள் என்று அதிகாரிகள் கேட்டுக்கொள்வார்கள். அதையும் அவர் தவறாமல் வாசிப்பார்.

எல்லாரையும் உள்ளே விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக ஒரு படக்குழு, தமிழிலும் சீனத்திலும் சொல்ல ஆள், மீட்புத் தளபதி போகச் சொன்னால் போய்விடும் கட்டாயம், மழைக்காலத்துக்கு முன்பே மாவட்ட அதிகாரி கையெழுத்திட்ட அட்டை. மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பேரிடருக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு கோலாலம்பூரில் சில ஆண்டுகளாகவே அடிபடுகிறது. அது மசோதாவாக மேசைக்கு வரும் நாளில், தண்டனைப் பிரிவுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டீசல் பீப்பாயோடு ஜெராய் ஏறும் பொறியாளரைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.