ஒட்டின் விளிம்பு

எட்டடி இறக்கையுள்ள ஒரு மாதிரி விமானம் இறங்கும்போது தரையில் மோதி உடல் பிளந்தால், பிளந்த இடத்தைப் பார்த்து வருந்துகிறவர்களே மிகுதி. அந்த அடி எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்று தேடுகிறவர்கள் குறைவு. மோதலின் விசையைச் சக்கரக் கால் வாங்கிக்கொள்கிறது. கால் அதைத் தான் திருகப்பட்டிருக்கும் பிளைவுட் பலகைக்குத் தருகிறது. பலகை, தன்னைச் சுற்றியுள்ள ஃபைபர் கிளாஸ் உடலுக்குத் தருகிறது. உடல் அதை மேலும் பரப்பிவிட வழியின்றி எங்கே தவிக்கிறதோ, அங்கேதான் பிளவு. உடைந்த இடமே குற்றவாளி என்று முடிவு கட்டுவது அவசரம். வந்த சுமையை அடுத்த இடத்துக்குக் கைமாற்ற முடியாமல் தனித்து நின்றது மட்டுமே பல வேளைகளில் அது செய்த பிழை.

பொட்டலும் கண்மாயும் பூட்டிய பெரிய வீடுகளுமான செட்டிநாட்டுக் கீழச்சிவல்பட்டியில் உட்கார்ந்து விமானத்தைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். செட்டிநாட்டுக்கு வானம் அன்னியமல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இந்தச் சீமையில் ஒரு விமானத் தளம் அமைந்தது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் விமானம் ஓட்டக் கற்றவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தியவர். ஆனால் நம் பேச்சு அந்தப் பெருமையைப் பற்றியதல்ல. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ கண்ணுக்கெட்டும் தொலைவுக்குள் பறக்கவிடும் மாதிரி விமானத்தின் எடைக்கு 25 கிலோ என எல்லை வகுக்கின்றன. அவ்வளவு எடையுள்ள ஒன்று பிறர் தலைக்கு மேல் பறக்கக்கூடும் என்றால், அதன் பழுதை எப்படிப் பார்த்தோம் என்பது நம் சொந்த விவகாரமாக இருக்க முடியாது.

கண்ணாடி உடையும் என்பதைக் குழந்தையும் அறியும். அதை நம்பி மனிதன் வானில் ஏறியதுதான் விந்தை. ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஏ. ஏ. கிரிஃபித், 1921-இல் வெளியான தம் கட்டுரையில் ஓர் உண்மையைக் காட்டினார். கண்ணாடி பலவீனமான பொருளல்ல. அதில் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களே அதைப் பலவீனமாக்குகின்றன. இழுத்து நுண்ணிய இழையாக்கினால், பெரிய கீறல் ஒளிந்திருக்கவே அதில் இடமில்லை. அப்போது அதே கண்ணாடி பல மடங்கு வலுவைக் காட்டுகிறது. அந்த இழைகளைத் துணியாக நெய்து, பிசினில் தோய்த்து, இறுக வைத்ததுதான் நம் கையில் இருக்கும் விமான உடல். 1957-இல் ஜெர்மனியின் ஃபீனிக்ஸ் கிளைடர் இத்தகைய உடலோடு பறந்தது. பெங்களூரில் தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா என்னும் இருவர் அமரும் பயிற்சி விமானமும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

துணியாக மட்டும் இருந்தால் அது துவண்டு விழும். பிசின் மட்டும் இருந்தால் பொட்டென்று உடையும். இரண்டும் சேர்ந்தபின், ஓர் இழை அறுந்தாலும் அது தாங்கிய சுமையைச் சுற்றியுள்ள பிசின் வாங்கி அண்டை இழைகளுக்குப் பங்கிட்டுவிடுகிறது. ஓடி வரும் பிளவு ஒவ்வோர் இழையின் எல்லையிலும் தடுக்கி, திசை மாறி, ஓய்கிறது. ஒருவன் விழுந்தால் ஊரே விழாமல் இருப்பதற்கு என்ன ஏற்பாடு வேண்டுமோ, அந்த ஏற்பாடு இங்கே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட உடல் பிளந்த பிறகு, நம் மனம் முதலில் நாடுவது கனத்தைத்தான். உடைந்த இடம் இனி ஒருநாளும் உடையக் கூடாது. ஆகவே உட்புறம் ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு, போதாதென்று நான்கு; எல்லாம் ஒரே அளவில் வெட்டிய துணி, ஒரே கோட்டில் முடியும் விளிம்பு. பிசின் இறுகியதும் தட்டிப் பார்க்கிறோம். கல்லைப் போல் இருக்கிறது. மனம் நிறைகிறது. விமானம் மறுபடி பறக்கிறது, மறுபடி கடினமாக இறங்குகிறது. ஒட்டுப் போட்ட இடத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒட்டு முடிந்த கோட்டை ஒட்டி, அதுவரை எந்தப் பழுதும் இல்லாதிருந்த உடல், அறுத்து வைத்தாற்போல் பிளந்து கிடக்கிறது.

இதன் காரணம் பொறியியலில் பழையது. கேம்பிரிட்ஜின் சி. இ. இங்கிலிஸ் 1913-லேயே கணக்கிட்டுச் சொன்னார்: ஒரு தகட்டில் உள்ள துளையின் முனை எவ்வளவு கூர்மையோ, அவ்வளவுக்கு விசை அங்கே குவியும். துளை மட்டுமல்ல, திடீரென்று மாறும் எதுவும் விசையைக் குவிக்கும். வளையாத ஒட்டும் வளையும் உடலும் முன்னறிவிப்பில்லாமல் சந்திக்கும் கோடு, அதுவும் ஒரு கூர்முனைதான். நாம் பலவீனத்தை நீக்கவில்லை. இடம் மாற்றி வைத்திருக்கிறோம். குற்றமற்ற அண்டை இடத்தின்மேல் அதை இறக்கி வைத்திருக்கிறோம்.

கை தேர்ந்தவர்கள் செய்வது வேறு. பிளவின் இருபுறமும் பழைய உடலையே உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டராவது நீளும் சரிவு. வானூர்திப் பழுதுக்கு அதைவிடவும் நீளமாக. அதன்மேல் துணியை ஒன்றைவிட ஒன்று அகலமாக, படிப்படியாக அடுக்குகிறார்கள். பாவும் ஊடும் ஒரே திசையில் விழாதபடி சில அடுக்குகளைக் குறுக்காகத் திருப்பி வைக்கிறார்கள். ஒட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விசைக்கே தெரியாமல் போக வேண்டும். நல்ல உடலையும் கொஞ்சம் தேய்த்து இழக்காமல் இந்தச் சரிவு கிடைப்பதில்லை. உடையாதது தன்னில் சிறிது விட்டுக்கொடுத்தால்தான் உடைந்தது அதனோடு சேரும்.

தேய்க்குமுன் துடைக்க வேண்டும் என்பதும் உண்டு. அச்சில் வார்த்த உடல் அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வர மெழுகு பூசுகிறார்கள். அந்த மெழுகின் மிச்சம் மேலே தங்கியிருந்தால் எந்தப் பிசினும் அதில் பிடிக்காது. பிறந்த இடத்தை விட்டு அன்று எளிதாகப் பிரியத் துணை செய்த வழவழப்பே, இன்று உதவிக்கு வரும் கையை வழுக்கிவிடுகிறது. ஊரை விட்டுப் போய்த் தழைத்தவர்கள் நிறைந்த இந்தச் சீமையில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

வலுவூட்டலின் இன்னொரு முகமும் நம் சிந்தனைக்கு உரியது. கண்ணாடி இழையைவிடக் கார்பன் இழை விறைப்பானது என்று அறிந்தவர்கள், பழுதான உடலுக்குள் அதைத் தாராளமாக ஒட்டிவிடுவதுண்டு. கண்ணாடி, வானொலி அலையைத் தடுப்பதில்லை; மின்சாரம் கடத்தும் கார்பன் தடுக்கும். ரிசீவரின் ஆன்டெனா கார்பன் சுவருக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டால், தரையில் நிற்பவர் அனுப்பும் கட்டளை அதற்குச் சரியாகக் கேட்பதில்லை. முன்பைவிட உறுதியான உடல்; ஆனால் தன்னைச் செலுத்துகிறவர் குரல் எட்டாத உடல். அடிபட்ட மனிதர்களில் சிலர் தம்மைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் உறுதியை நாம் பார்த்திருக்கிறோம். இனி எதுவும் அவர்களை நோகடிக்க முடியாது. எதுவும் அவர்கள் காதில் விழவும் முடியாது.

எடையின் கணக்கு இதைவிடவும் கடுமையானது. விமானத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம் மூக்கின் தூரத்தைப் போல் மூன்று மடங்கானால், வாலில் போட்ட 30 கிராம் ஒட்டுக்கு ஈடாக மூக்கில் 90 கிராம் ஈயம் வைத்தாக வேண்டும். ஓரிடத்தில் காட்டிய மிகை அக்கறைக்கு இன்னோரிடம் மும்மடங்கு விலை கொடுக்கிறது; மொத்தத்தையும் இறக்கை சுமக்கிறது.

இந்தக் கணக்கை நம் காலத்தில் மனித உடலின்மேல் போட்டுப் பார்த்தவர் அப்துல் கலாம். ராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்பையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலையும் முடித்த அவர், தும்பாவில் இழையூட்டிய பிளாஸ்டிக்குகளோடு பழகியவர், எஸ்.எல்.வி-3 ஏவூர்தியின் நான்காம் அடுக்கை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றவர். பின்னாளில் ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தில், போலியோவால் கால் சூம்பிய சிறுவர்கள் ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள உலோகத் தாங்கிகளை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தார். ஏவுகணைக்காக உருவாக்கிய இழைக் கலவைப் பொருளைக் கொண்டு அந்தத் தாங்கி 300 கிராம் அளவுக்குக் குறைந்தது. பழைய தாங்கியும் உடையாததுதான். அதன் வலுவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாங்க வந்தது தாங்கப்பட வேண்டியதாகிவிட்டது என்பதே அதன் குறை; அந்தக் குறையைத் தாங்கியின் பக்கம் நின்று பார்த்தால் காண முடியாது, குழந்தையின் பக்கம் நின்றால்தான் தெரியும்.

கீழச்சிவல்பட்டியின் பெரிய வீடுகளுக்கும் இதே விதி. சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் முட்டை வெண்கரு சேர்த்துப் பளபளக்கத் தேய்த்த சுவர்கள் அவை. அந்தச் சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். கட்டடம் சற்றே அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும். எங்கேனும் பெயர்ந்தால் இன்று நாம் சிமெண்டைக் குழைத்து அப்பிவிடுகிறோம். சிமெண்டு அசையாது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. சுவருக்குள் அடைபட்ட ஈரம் ஒட்டின் ஓரமாக வழி தேடுகிறது. சில மழைக்காலம் கழித்துப் பார்த்தால் சிமெண்டு அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றிய பழைய சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிர்கிறது. வீடு பழசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். பழசானதால் உதிரவில்லை, தனக்கு ஒவ்வாத உறுதியின் பக்கத்தில் குடியிருக்க நேர்ந்ததால் உதிர்கிறது. இது கொத்தனாரின் குறையல்ல, நம் அவசரத்தின் குறை என்றே நான் கருதுகிறேன்.

விமானத்திலும் சுவரிலும் கண்டதை நாம் வாழும் வாழ்க்கையில் காணத் தொடங்கினால், நம் உதவிகளில் பலவும் நான்கு அடுக்கு ஒட்டுகளாகவே இருப்பது புலப்படும். படுக்கையில் விழுந்த பெரியவரைச் சுற்றி மருந்தும் மருத்துவரும் விசாரிப்பும் பிரார்த்தனையும் அடுக்கடுக்காய்க் குவிகின்றன. அந்த ஒட்டின் விளிம்பில், அவரைத் தூக்கி உட்காரவைக்கவும் துடைக்கவும் இரவில் விழித்திருக்கவும் ஒரு மகளோ மருமகளோ நிற்கிறாள் என்பதை, அவள் ஒருநாள் உடைந்து அழும்வரை எவரும் கவனிப்பதில்லை. தடுமாறிய ஒரு பிள்ளையை நிமிர்த்த வீடே திரளும்போது தடுமாறாத பிள்ளை மெல்லத் தனிமைப்படுவதும், ஒரு விபத்துக்குப் பின் அந்த ஒரு வாசலுக்கு மட்டும் நூறு விதிகள் எழுந்து அடுத்த வாசலில் நெரிசல் சேர்வதும் இந்த வகையே. உடைந்ததைக் காப்பாற்றும் பரபரப்பில், அதன் சுமை இனி யாரிடம் போய் நிற்கும் என்ற கேள்வியை நாம் கேட்க மறக்கிறோம். ஆனால் விசைக்கு மறதி கிடையாது, கருணையால் செய்ததா கர்வத்தால் செய்ததா என்று அது விசாரிப்பதுமில்லை, திடீரென்று முடியும் எல்லா உறுதியின் ஓரத்திலும் அது ஒரே ஒழுங்கோடு வந்து குவிகிறது. ஆதலால், ஒன்றைப் பழுது நீக்குவது என்பதன் முழுப் பொருள், அந்த ஒன்றை மற்றெல்லாவற்றையும்விட வலுவாக்குவதில் அடங்குவதில்லை. பிரிந்து நின்ற அதை, சுமையைப் பகிரும் கூட்டத்துக்குள், மற்றவை தாங்கும் அளவே தாங்கி மற்றவை வளையும்போது தானும் வளையும் ஓர் உறுப்பாக, மீண்டும் சேர்த்துவிடுவதில்தான் அது நிறைவு பெறுகிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களில் கோவில் செலவென்று வந்தால், ஊரில் பெரிய செல்வர் எத்தனை பேர் இருந்தாலும், மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுப் புள்ளிவரி வாங்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. ஒருவரே எல்லாவற்றையும் தாங்கிவிடக்கூடிய காலத்திலும், அப்படித் தாங்கவிடாத ஏற்பாடு அது.

    

ஆகவே நண்பர்களே, ஒட்டுப் போட்ட விமானத்தை மறுபடி பறக்கவிடுமுன் ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிப் பாருங்கள். நன்றாகப் பிடித்த இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஒட்டின் நடுவில் தட்டி நிறைவடைந்துவிட வேண்டாம். விளிம்பைச் சுற்றித் தட்டுங்கள். பிறகு விளிம்பைத் தாண்டி, இதுவரை உடையாத இடத்தையும் நான்கு விரற்கடை தூரம் தட்டிப் பாருங்கள்.