அறிவு மங்கினால் மாண்பும் மங்குமோ?

"கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது!" வீட்டிலே, வீதியிலே, திண்ணையிலே அன்றாடம் கேட்கும் சொல் இது. கேட்டவர் சிலர் நகைக்கின்றனர்; சிலர் "முன்வினைப் பயன்" என்று பெருமூச்செறிகின்றனர். ஒருபுறம் ஏளனம், மறுபுறம் விதிவாதம்! இரண்டையும் ஒதுக்கிவிட்டு உண்மையை ஆராய்வது நம் கடன்.

முதுமை வேறு, நோய் வேறு. வயது ஏற ஏறச் சிந்தனையின் வேகம் குறைகிறது. தெரிந்த பெயரும் நாவுக்கு வரத் தயங்குகிறது. ஆயினும், சொல்வளமும் பட்டறிவும் நெடுங்காலம் நிலைத்து நிற்கின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956-இல் வார்னர் ஷாயி தொடங்கிய நீண்டகால ஆய்வு இதற்குச் சான்று தந்தது. மெல்ல விடை சொல்பவர் அறிவிலி அல்லர்!

நோயின் கதை இது: 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் ஒரு பெண் சேர்க்கப்பட்டார். வயது 51தான். தம் பெயரையே எழுதி முடிக்க இயலாமல் தவித்தார். 1906-இல் அவர் இறந்தபின், மருத்துவர் அல்சைமர் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களில் சிக்குண்ட இழைகளையும், அவற்றிடையே படிவுகளையும் கண்டார். அங்கே தென்பட்டது தலையெழுத்து அன்று, நோயின் தடம்!

இனி, நம்மை நோக்கியே ஒரு வினா. நேற்றைய நானும் இன்றைய நானும் ஒருவனே என்பதற்கு நினைவின் தொடர்ச்சியே அடிப்படை என்று 1694-இல் எழுதினார், ஆங்கில அறிஞர் ஜான் லாக். அப்படியாயின், நினைவு அறுந்தவர் யார்? பெற்ற மகனையே "நீ யாரப்பா?" என்று கேட்கும் தாய், தாய் அல்லளோ? பகுத்தறிவே மனிதனின் பெருமை என முழங்கும் நாம், விடை கூறித்தான் ஆகவேண்டும்.

கூறுவோம், தோழர்களே! பகுத்தறிவு நம் கையிலுள்ள விளக்கு. மனிதனை எடைபோடும் தராசு அன்று. நேற்றை மறந்தவருக்கு இன்று பசி இல்லையா? கடுஞ்சொல் சுடாதா? அன்புக்கரம் பட்டால் முகம் மலராதா? மாண்பு, உயிர் உள்ளவரை உடனிருப்பது; நினைவுக்குத் தரப்படும் கூலி அன்று.

பெற்றோரைப் பேண 2007-இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் சோற்றுக்கு வழி செய்யும், பொறுமைக்கு? நூறாம் முறை கேட்ட கேள்விக்கும் முதல் முறைபோல் விடை தருவதும், மந்திரவாதியை விடுத்து மருத்துவரை நாடுவதும், மயங்கிய வேளை பார்த்துப் பத்திரத்தில் கைநாட்டு வாங்காதிருப்பதும் நம் கடமைகள்.

அறிவு மங்கியவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதிலேதான், நாம் அறிவுடையோரா என்பது தெரியும்!