பதம்

திருப்பாச்சேத்தி அரிவாளைப் பற்றி மதுரைச் சீமையில் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து, எனக்கென்று ஒரு கத்தி செய்து தரும்படி கேட்டேன். "உயர்ந்த இரும்பாகப் போடுங்கள், விலையைப் பற்றிக் கவலையில்லை" என்றேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்வது ஆயுளில் ஒரு முறைதான் நடக்கும்.

"எதை வெட்டப் போறீங்க ஐயா?" என்றார் ஆசாரி.

எலுமிச்சம்பழமும் நறுக்க வேண்டும், இளநீரும் சீவ வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். எலுமிச்சம்பழத்துக்கு, முதுகிலிருந்து வாய் வரையில் ஒரே சரிவாக மெலிந்து வர வேண்டுமாம். இளநீருக்கோ வாய்க்குப் பின்னால் சற்றே வயிறு தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் பெயர்ந்துவிடும். சவரக் கத்தியை இரு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதைக் கொண்டு ஒரு குச்சியைச் சீவிப் பாருங்கள், தெரியும்! "ரெண்டு கத்தியா வாங்கிக்குங்க" என்று அவர் முடித்துவிட்டார்.

துருப்பிடிக்காத எஃகில் செய்யலாமே என்றேன். "அது நம்ம உலைக்கு அடங்காதுங்க" என்றார். அவர் சொன்னது சரி. 1913இல் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி என்பவர் அந்த எஃகை உருக்கியபோது, அவ்வூர்க் கத்திக் கொல்லர்களே அதைப் பரிகசித்தார்கள். அதில் செய்த கத்தி வெட்டவில்லை. குற்றம் எஃகில் இல்லை. அதில் கலந்திருந்த குரோமியத்தின் காரணமாக, வழக்கமான சூட்டைவிட அதிகச் சூடு அதற்கு வேண்டியிருந்தது. பழைய எஃகைப் பழுக்கவைத்தது போலவே இதையும் பழுக்கவைத்துவிட்டு, உதவாது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆசாரி எடுத்தது ஒரு பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அடித்து உருவாக்கி, சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டார். கூடவே தோய்த்த ஒரு சிறு துண்டைப் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடி போல் இரண்டாகத் தெறித்தது. "இப்பத்தான் இது ரொம்பக் கெட்டி. இப்படியே கொடுத்தா உங்ககிட்ட ஒரு நாள் இருக்காது" என்றார். பிறகு கத்தியின் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடியும் இலேசாகக் காய்ச்சினார். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம் ஓடும். 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் ஸ்பிரிங்குக்கு நல்லது. கத்திக்கு வைக்கோல் நிறத்திலேயே நிறுத்த வேண்டும். அடைந்த உறுதியில் ஒரு பங்கைத் தெரிந்தே இழக்கச் செய்வதுதான் இந்த இரண்டாவது சூடு.

எனக்கு என் தங்கையின் நினைவு வந்தது. வரதட்சணை வாங்கும் கலியாணத்தில் காலடி வைப்பதில்லை என்று இளமையில் சபதம் செய்தவன் நான். 1961இல் சட்டமே வந்துவிட்ட பிறகு என் பிடிவாதத்துக்குக் கௌரவமும் கூடிவிட்டது. அப்புறம் தங்கை மகளின் கலியாணம் வந்தது. தங்கை கணவனை இழந்தவள். பணம் பேசித்தான் முடித்திருந்தாள். மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டியவன் நான், போகவில்லை. பேசிய பணம் பேசியபடி கைமாறியது. ஒரு ரூபாய் குறையவில்லை. அன்று முதல் அவள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

என் சபதம் தவறு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. "ஊரோடு ஒத்துப் போனால் என்ன?" என்று கேட்கிறவர்களின் இளக்கம் எனக்குத் தெரியும், அது நீலத்தையும் தாண்டிய இளக்கம், எலுமிச்சம்பழத்தைக்கூட நறுக்காது. ஆனால் ஆசாரி என்னைக் கேட்ட முதற் கேள்வியை நான் அன்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. நான் வெட்ட நினைத்தது வரதட்சணையை. வெட்டுப்பட்டது யார்? ஆண் துணையோடு குடும்பம் நடத்தும் நான் தாங்கிய சூட்டை, தனியாக ஒரு பெண்ணைக் கரையேற்ற நின்றவளிடம் எந்த நியாயத்தில் எதிர்பார்த்தேன்? இரும்பில் நிறம் ஓடுகிறது, பார்த்து நிறுத்திக்கொள்கிறார்கள். மனிதனுக்கு அந்த வசதி இல்லையே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். அவள் முகத்தில் நிறம் ஓடியது. நான் பார்க்கவில்லை.

அவர் சொன்னபடியே இரண்டு கத்திகள் வாங்கி வந்தேன். மெல்லியதைத் தங்கைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும், கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்பார் எங்கள் அம்மா. அதற்கு நேரில் போக வேண்டும். இன்னும் போகவில்லை, வாரம் ஒரு முறை எண்ணெய் தடவி வைக்கிறேன்.