பல்லில்லாத இடம்

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வெறும் ஈறாக ஓர் இடம் உண்டு. கடிவாளத்தின் இரும்பு உட்காருவது அங்கேதான். மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைக்கு நடுவில் குதிரை வளர்க்கிறான் உறவுக்காரப் பையன் ஒருவன். கண்காட்சியில் நடத்திக் காட்டுவதற்காக, இரண்டு வயதுப் பெண்குட்டிக்கு அவன் முதன்முதலாகக் கடிவாளம் பூட்டியபோது அருகில் நின்றேன். இரும்பைக் கைக்குள் பொத்திச் சூடாக்கினான், தேன் தடவினான். பிறகு கட்டைவிரலை வாயோரமாக அந்த வெற்று ஈற்றில் நுழைத்து லேசாக அழுத்தினான். வாய் திறந்தது.

"பாத்தீங்களா மாமா, அதுவே வாங்கிக்குது."

அதுவேதான் வாங்கிக்கொண்டதா? இந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

பையன் முரடன் இல்லை. கழற்றும்போது இரும்பைப் பிடித்து இழுக்காமல், குட்டி தானே துப்பும்வரை காத்திருந்தான். ஒருமுறை பல்லில் இடித்துவிட்டால் அடுத்த தடவை தலையைத் தூக்கிக்கொள்ளுமாம். "அவசரப்பட்டா இன்னிக்கு அஞ்சு நிமிஷம் மிச்சம், அப்புறம் ஒரு வருஷம் நஷ்டம்" என்றான். குட்டி நாக்கைச் சுழற்றி இரும்பை மென்றபடி நின்றது. மெல்லுவது இணக்கத்தின் அடையாளம் என்பார்கள் பழக்குகிறவர்கள். பதற்றத்திலும் குதிரை மெல்லும். எது எதுவென்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அந்த ஈறு எலும்பின் விளிம்பை மூடிய மெல்லிய தோல். சின்ன அழுத்தமும் அங்கே உறைக்கும். விரல் வைத்தால் வாய் திறப்பதும் அதனால்தான்.

நான் வளர்ந்த தோட்டத்தில் குதிரை கிடையாது, மாடுதான். பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே 1917இல் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டது எங்கள் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில். என் சிறுவயதில் பால்மரமும் செம்பனையும் கலந்தே இருந்தன. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. காளைக்கன்றுக்கு மூக்குக் குத்தும்போது பிள்ளைகளை விரட்டிவிடுவார்கள். ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். ஆட்கள் அமுக்கிப் பிடிக்க, ஊசி மூக்குத் தண்டைத் துளைத்துக்கொண்டு போகும். கன்று கத்துவது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரை கேட்கும். குத்திய பெரியவர் புண்ணில் மஞ்சளைப் பூசி, நெற்றியைத் தடவி, "பொறுத்துக்கடா அய்யா" என்பார்.

மூக்கணாங்கயிற்றைவிடக் கடிவாளம் எவ்வளவோ மேல். வேலை முடிந்தால் கழற்றிவிடலாம். ஆனாலும் அந்தப் பெரியவரின் சொல்லில் இருந்த ஏதோ ஒன்று பையனின் சொல்லில் இல்லை. வலியைக் கொடுத்தவர், அது வலிதான் என்று ஒப்புக்கொண்டார். மென்மையாகச் செய்கிறவனுக்கு அந்த ஒப்புதல் தேவைப்படாமல் போய்விடுகிறதே என்பதுதான் என் கவலை. பிள்ளை வளர்ப்பிலும் இதைப் பார்க்கிறேன். அடிக்காமல் வளர்க்கிறோம், நல்லது. நாம் காட்டிய படிப்பை மகள் எடுத்தால், "அவளே தேர்ந்தெடுத்தாள்" என்கிறோம்.

தோட்டப் பள்ளியில் படித்த நரி பரியான கதை நினைவுக்கு வருகிறது. மாணிக்கவாசகருக்காக இறைவனே குதிரைச் சேவகனாக மதுரைக்கு வந்து, கயிறு மாற்றிக் குதிரைகளைப் பாண்டியனிடம் ஒப்படைத்தார். பகலில் அடங்கி நடந்தவை இரவில் நரிகளாகி, லாயத்துப் பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. அன்று அது அரசன் ஏமாந்த கதையாக இருந்தது. இன்று யோசித்தால், கயிறு கைமாறிய நேரத்தில் எல்லாரும் கயிற்றைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இரும்பே வேண்டாம், மூக்குவார் போதும் என்கிறவர்களும் உண்டு. வாயில் விழும் அழுத்தம் அப்போது மூக்கெலும்பில் விழும். பழக்காமலே விட்டுவிடலாம் என்றால், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் ரோட்டில் மிரண்ட குதிரையை எதைக் கொண்டு நிறுத்துவது? பழக்கத்தான் வேண்டும்.

"விரல் வைக்காம இரும்பை மட்டும் காட்டிக்கிட்டு நின்னா வாங்குமா தம்பி?" என்று பையனைக் கேட்டேன்.

"தெரியல மாமா. நின்னு பாத்ததில்ல."

எனக்கும் தெரியவில்லை. அது வாயைத் திறந்தது சம்மதத்தாலா, வேறு வழி இல்லாமலா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆடி மாதம் தமிழ்நாட்டின் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வயது பார்க்கக் குதிரையின் உதட்டை விலக்குவீர்கள் அல்லவா, அப்போது வாயோரத்தில் வடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அது எப்படி வந்தது என்று பழக்கியவரிடம் கேளுங்கள்.